டாக்டரம்மா மறுபடி கேட்கவில்லை

சந்திரகலா "வேணாங்க" என்று சொன்னது, வேண்டும் என்பதற்காகத்தான். இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது? கேட்டவுடனே "சரி, கொடுங்க" என்று கை நீட்டுகிறவளை எந்த ஊரில் மதிக்கிறார்கள்? முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் "அட, அப்படிச் சொல்லாதே" என்று இழுக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, தலையைக் குனிந்து, அப்புறம் என்னவோ அவர்களுடைய தொல்லை தாங்காமல் போகிற மாதிரி, "நீங்க இவ்ளோ தூரம் சொல்றதால சரிங்க" என்று முடிக்க வேண்டும். காபியிலிருந்து கல்யாணம் வரைக்கும் நம்முடைய நடைமுறை இதுதான். ஆனால் எதிரில் இருந்தது ஜெர்மன்காரம்மா. அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போனது என்ன, காபியா? ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் பிரசவம் பார்க்கிற படிப்பு. மூன்று வருஷம். சாப்பாடு, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இருந்தது ஒரே ஒரு இடம்.

இது எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கதை. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு வாடகை வீட்டில் டாக்டர் இங்க்ரிட் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் "இங்கிரி டாக்டரம்மா" ஆகிவிட்டது. அவரிடம் உதவிக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற ராமனின் மகள் சந்திரகலா, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், இருபத்தி மூன்று வயது. இன்னொருத்தி ரேணுகாம்பாள். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. புருஷன் செத்துப்போய், டவுனில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்கிறவள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இருக்கிறாள்.

சந்திரகலாவின் ஜெர்மன் பாஷை வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது. சிரிக்க வேண்டாம், உண்மையே அதுதான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்காருவார்கள். டாக்டரம்மா கிராமத்துக்குப் போயிருக்கிற நேரத்தில், எங்கே வலிக்கிறது, எத்தனை தரம் போயிற்று என்று கேட்க வேண்டியது இவள்தானே? அந்த இரண்டு கேள்வியைக் கற்றுக்கொண்டவள் அதோடு நிற்கவில்லை. தலை, கால், நேற்று, நாளை என்று போய், டாக்டரம்மா வரவழைத்துக் கொடுத்த குழந்தைகள் பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். காலையும் மாலையும் கிரிவலப் பாதையில் நடந்து வரும்போது உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். வழியில் இருக்கிற வருண லிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் இந்நேரம் ஜெர்மன் தெரிந்திருக்கும் என்று ரேணுகாம்பாள் கேலி செய்வாள். இரண்டு வருஷத்தில், டாக்டரம்மா வேகமாகப் பேசினாலும் இவளுக்கு முக்கால்வாசி பிடிபட்டது. டாக்டரம்மாவின் தமிழோ "முக்கு, மூச்சு விடு, அழாதே" என்பதைத் தாண்டி அதிகம் போகவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சந்திரகலாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு தடவை டாக்டரம்மா சென்னைக்குப் போயிருந்த நேரத்தில் தேவனந்தலிலிருந்து சரோஜா என்ற பெண்ணை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. சந்திரகலாவும் ரேணுகாம்பாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்து, தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம். அன்றைக்குத்தான் சந்திரகலா முடிவு கட்டினாள், இனிமேல் ஒருத்தியின் கட்டில் ஓரத்தில் இப்படிக் கையாலாகாமல் நிற்க மாட்டேன் என்று. முறையாகப் படித்தே தீர்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அவள்.

அப்படிப்பட்டவளைக் கேட்டபோது என்ன நடந்தது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டரம்மா இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, விஷயத்தை ஜெர்மனில் சொல்லி, ரேணுகாம்பாளுக்குத் தமிழில் சொல்லும்படி சந்திரகலாவிடம் சொன்னார். அவள் சொன்னாள்.

"யாருக்குப் போக விருப்பம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஐயோ, நான் எதுக்குங்க? சந்திரா போகட்டும். சின்னப் பொண்ணு, படிச்சவ" என்றாள் ரேணுகாம்பாள்.

"அக்கா இருக்கும்போது நானா? வேணாங்க. அக்காவே போகட்டும்" என்றாள் சந்திரகலா. தமிழில் ஒரு தரம், அக்கா சொன்னதையும் சேர்த்து ஜெர்மனில் ஒரு தரம். ஜெர்மனில் ஒரு பிழை கிடையாது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, தங்கள் பண்பை நினைத்துத் தாங்களே பூரித்துப் போனார்கள். டாக்டரம்மா இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லது. இரண்டு பேருக்கும் விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை தந்தி கொடுத்துவிடுகிறேன், இடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு பேரும் ஊசிக் குழாய்களைக் கொதிக்க வைக்கப் போனார்கள்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றாள் ரேணுகாம்பாள்.

"ஆமாக்கா" என்றாள் சந்திரகலா.

வீட்டில் அம்மா ஆராயிக்கு இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

"மறுபடி கேக்கலயா அவங்க?"

"இல்லம்மா."

"ஒரு பேச்சுக்குக் கூடவா?"

"ஒரு பேச்சுக்குக் கூட இல்ல."

"இன்னா மனுஷிடி அவ! போன பொங்கலுக்கு நம்ம வூட்ல எப்பிடி உபசாரம் பண்ணேன்! கொஞ்சம்கூட ஒட்டலயே!"

அப்பா ராமனுக்கு உள்ளூர நிம்மதி. "வுடு. செய்யாறு பக்கம் ஒரு பையன் இருக்கானாம். கரண்ட் ஆபீஸ்ல வேலை. போயி பாத்துட்டு வரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

செய்யாறு பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அதற்கா சந்திரகலா பாஷை படித்தாள்? ஆராயி மகளைத் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னாள். "நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு போ. யாருகிட்டயும் பேசாத. தானா வந்து இன்னா ஏதுன்னு கேப்பாங்க. அப்பச் சொல்லு."

புதன்கிழமை முழுக்க சந்திரகலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றாள். ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நம் வீடாக இருந்தால் இதற்குள் அக்கம்பக்கமெல்லாம் கூடியிருக்கும். சாயங்காலம் டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஆஹா, வந்துவிட்டது என்று போனாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பிடித்தார். "காய்ச்சல் இல்லை. உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றாள் சந்திரகலா. பழக்க தோஷம்!

"சரி" என்று சொல்லி, தலைவலிக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. இரண்டும் வடிந்த பிறகுதான் பொங்கல் நினைவு வந்தது. அன்றைக்கு டாக்டரம்மா இலையில் உட்கார்ந்து தமிழில் அழகாக "போதும்" என்றார். ஆராயி இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். "போதும், போதும்" என்றார். ஆராயி நெய்யை ஊற்றினாள். இலையில் விழுந்ததை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போல, அந்த மகராசி அத்தனையும் தின்று தீர்த்து, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தார். "நான் போதும் என்று சொன்னேனே. உன் அம்மா ஏன் என்னை நம்பவில்லை?" என்று சந்திரகலாவிடம் வருத்தமாகக் கேட்டார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு மறந்தும் போனாள்.

'ஏன் என்னை நம்பவில்லை' என்பதுதான் அவர் கேட்டது. அவர் ஊரில் ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன பிறகு திருப்பிக் கேட்டால், உன் பேச்சை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அவர் ஊரில் அது மரியாதைக் குறைவு. அப்படியானால் செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இவளை உதறிவிட்டுப் போகவில்லை. மதித்துவிட்டுப் போனார். மதித்ததில்தான் இடம் போயிற்று! இரண்டு வருஷமாக வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிச் சேர்த்தோமே, அந்த வார்த்தைகளைப் பேசுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு நாளாவது பார்த்தோமா என்று சந்திரகலாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தமிழைத்தான் இத்தனை நாளும் ஜெர்மன் சட்டை போட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாத்திரையை வேலியோரம் வீசினாள். எது ஆனாலும் சரி, நாளைக்கே நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு மிட்டாய்கூட வாய்திறந்து கேட்காத பெண். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். டாக்டரம்மா வராந்தாவில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லவில்லை, வெயில் மழை பேசவில்லை. முன்னால் போய் நின்று, "இஷ் வில்" என்று ஆரம்பித்தாள். எனக்கு வேண்டும். "ஜெர்மனிக்குப் போக எனக்கு விருப்பம். அந்த இடம் எனக்கு வேண்டும்."

டாக்டரம்மா ரொட்டியைக் கீழே வைத்தார். "நீ வேண்டாம் என்று சொன்னாயே?"

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய் இல்லை. மரியாதை" என்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். முதல் வேண்டாம் எதற்கு, இரண்டாவது எதற்கு, அம்மா ஏன் பொங்கலை வைத்துக்கொண்டே போனாள் என்று எல்லாம். பாதியில் வார்த்தை கிடைக்காதபோது கையால் இலை போட்டுப் பரிமாறிக் காட்டினாள்.

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை பெற்ற பெண்களுக்கு நான் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேண்டாம் என்பார்கள். நான் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எத்தனை பேர்!" என்றார். "அவர்களுக்குப் பசித்திருக்குமா?"

"பசித்திருக்கும்" என்றாள் சந்திரகலா.

டாக்டரம்மா நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் ரேணுகாவின் வேண்டாம்?"

சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் யோசிக்கவே இல்லை. ராத்திரியெல்லாம் தான் வேண்டாம் என்றதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தவளுக்கு, பக்கத்தில் நின்று இன்னொருத்தியும் அதே வார்த்தையைச் சொன்னது மனசில் ஓடவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு நிஜமாகவே விருப்பமில்லை என்றால் யார் கண்டது? ஆனால் என் பேச்சை நம்புங்கள் என்று இப்போதுதானே இவளே வந்து நின்றாள். நம்பு என்று சொன்ன அதே வாயால் எப்படிப் புளுகுவது?

"அவளுடையதும் நிஜமான வேண்டாம் இல்லை என்று நினைக்கிறேன்" என்றாள்.

"அவளைக் கூப்பிடு. அவள் சொல்வதை எனக்கு நீ சொல்."

ரேணுகாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா கேட்டதைச் சந்திரகலா தமிழில் கேட்டாள்.

"அதான் அன்னைக்கே சொன்னேனேடி. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வேண்டாம் என்கிறாள்" என்றாள் சந்திரகலா.

"இது எந்த வேண்டாம்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

சந்திரகலா ரேணுகாம்பாளைப் பார்த்தாள். உண்மையாகவே வேண்டாதவள் இதற்குள் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்க்கப் போயிருப்பாள். இவளோ போகாமல், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "இன்னொரு தரம் கேளுங்கள்" என்றாள் சந்திரகலா.

கேட்டார்.

"அண்ணன் வூட்ல இன்னா சொல்லுவாங்களோ" என்றாள் ரேணுகாம்பாள்.

"இப்போது?"

"பாதி வந்துவிட்டாள். இன்னும் கேளுங்கள்."

டாக்டரம்மா எழுந்து ரேணுகாம்பாளின் பக்கத்தில் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஓட்டைத் தமிழில் கேட்டார். "ரேணுகா, நீ போக வேணும்? உண்மை சொல்லு."

ரேணுகாம்பாளின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க பாத்து இன்னா சொன்னாலும் சரிங்க. எனக்கு அந்த வூட்ட வுட்டுப் போனாப் போதுங்க" என்றாள்.

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று சந்திரகலா தேடவில்லை. "யா" என்றாள். ஆமாம். அவ்வளவுதான் அதற்கு மொழிபெயர்ப்பு.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்டோபரில் வகுப்பு ஆரம்பம். முதல் நாளிலிருந்தே பாடம் ஜெர்மனில்தான். பாஷை தெரியாதவளை அனுப்பினால் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகையால் சந்திரகலாதான் போக வேண்டும். இதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இதையும் நீதான் அவளிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

"அடுத்த வருஷம் இடம் கிடைக்குமா? அவளுக்காகக் கேட்பீர்களா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"கேட்பேன். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பாஷை இல்லாமல் கேட்கவும் முடியாது."

சந்திரகலா திரும்பினாள். சுற்றி வளைக்க ஆயிரம் வழி தமிழில் இருந்தது. "இந்தத் தரம் எடம் எனக்குன்னு சொல்றாங்கக்கா. பாஷை தெரிஞ்சிருக்கணுமாம்" என்று நேராகவே சொன்னாள்.

"அப்பிடியா. நல்லதுதான். நல்லாரு" என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் பின்பக்கம் போய்விட்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். சந்திரகலா பின்னாலேயே ஓடினாள். கிணற்றடியில் பால் பாட்டில்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் நிமிராமலே பேசினாள்.

"எதுக்குடி என்னக் கூப்ட்டு நிக்க வெச்சி கேக்க வெச்ச? நான் வேணாம்னு சொல்லிட்டு என் பாட்டுக்கு இருந்தேன். நானே வேணாம்னு சொல்லிட்டா, உனக்கு இல்லன்னு என்னப் பாத்து எவளும் சொல்ல முடியாது. அண்ணி வூட்ல ஒவ்வொரு நாளும் நான் சோத்துக்கு முன்னாடி போதும், வேணாம்னுதான்டி குந்திக்கினு இருக்கறேன். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதயும் புடுங்கிக்கினியே!"

ஜெர்மன்காரர்களின் வழக்கத்தை ராத்திரி புரிந்துகொண்டதாகப் பெருமைப்பட்டாளே, சொந்த ஊரின் வழக்கம் எதற்காக இருக்கிறது என்பது இப்போதுதான் சந்திரகலாவுக்கு விளங்கியது. இல்லை என்ற சொல்லை யார் முகத்துக்கு நேராகவும் யாரும் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை சுற்று. அந்தச் சொல்லைத்தான் இவள் சற்றுமுன் தன் வாயாலேயே கொண்டுவந்து ரேணுகாம்பாளின் முகத்தில் வைத்துவிட்டாள்.

'நீயே போக்கா, எனக்கு வேணாம்' என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் ரேணுகாம்பாள் "சீ, நீ போடி" என்பாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், எல்லாம் இதமாக முடிந்துவிடும். அந்த வார்த்தையை அவள் விழுங்கினாள்.

"நான் போறேங்க்கா. உன்னப் போன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அது சும்மா பேச்சு" என்றாள்.

ரேணுகாம்பாள் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். அறைந்துவிடுவாளோ என்றிருந்தது. "சொல்லாத. சொன்னா மூஞ்சிலயே தண்ணிய ஊத்துவேன்" என்றாள்.

"அடுத்த வருஷம் உனக்குக் கேக்கறேன்னாங்க. கெடைக்கும்னு சொல்லல. பாஷை இருந்தா கேப்பாங்க. நான் போறதுக்குள்ள உனக்குக் கத்துக் குடுக்கறேன்."

"ஒண்ணும் வேணாம்."

சந்திரகலா புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்துத் தேய்த்தாள். "கத்துக்கோக்கா" என்றாள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி அந்தக் கண்றாவி எல்லாம்? போ, போயி உன் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. ஜெர்மன்காரி போயிருப்பாள். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள். வாசலில் யாரோ மாட்டு வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "கத்துக்கோக்கா. தெனமும் மத்தியானம் ஒக்காருவோம்" என்று மறுபடியும் கேட்டாள்.

ரேணுகாம்பாள் பிரஷைத் தொட்டியில் வீசினாள். தண்ணீர் இரண்டு பேர் மேலும் தெறித்தது.

"எனக்கு வேணும்டி!" என்று அலறினாள். கிணற்றடிக் காக்கைகள் பறந்துபோயின. "எனக்கும் வேணும். உன்ன மாதிரி எனக்கும் போவணும். சொல்லிட்டேன், போதுமா? கத்துக் குடு."